ட்லாடெலோல்கோ: ஒரு கண்டம் அணுகுண்டை விலக்கிவைத்த 35 ஆண்டுகள்

1968 ஜனவரி 29 அன்று பிரேசில், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முறைப்படி ஏற்கும் ஏற்புறுதி ஆவணத்தை மெக்சிகோ அரசிடம் ஒப்படைத்தது. லத்தீன் அமெரிக்காவில் அணு ஆயுதங்களைத் தடைசெய்யும் ட்லாடெலோல்கோ ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டு ஓராண்டுகூட முடியாத நேரம் அது. ஆனால் அந்த ஒப்பந்தம் பிரேசிலில் நடைமுறைக்கு வந்தது 1994 மே மாதத்தில்தான். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் பிரேசில் ரகசியமாக யுரேனியம் செறிவூட்டியது. அமேசான் காட்டையொட்டிய ஒரு ராணுவத் தளத்தில் வெடிப்புச் சோதனைக்கான ஆழ்துளைக் குழியும் தோண்டியது. இதில் எதையும் ஒப்பந்த மீறல் என்று சட்டப்படி சொல்ல முடியாது. ஒப்பந்தத்தின் 28-ஆவது பிரிவு அதற்கு இடம்கொடுத்தது.

இப்படி ஒரு பிரிவை எழுதியவர்கள் ஏமாளிகள் என்று நினைக்கத் தோன்றும். என் கருத்து நேர்மாறானது. மனிதர்கள் வாழும் ஒரு பெரும் நிலப்பரப்பிலிருந்து அணு ஆயுதத்தை விலக்கிவைத்த முதல் ஒப்பந்தம் பிழைத்திருந்ததற்கு அந்தப் பிரிவே முதற்காரணம். பிராந்திய அணு ஆயுதத் தடை ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது எந்த நாடு எப்போது கையெழுத்திட்டது என்ற பட்டியலோடு நின்றுவிடுகிறோம். ஏற்புறுதி எப்படி நடக்கிறது, எது அதைத் தடுக்கிறது, தடுக்கப்பட்ட காலத்தில் என்னவாகிறது என்பதையெல்லாம் இந்த ஒப்பந்தத்தின் வரலாறு காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை.

கியூபா நெருக்கடிக்குப் பிறகு

லத்தீன் அமெரிக்காவில் ஆயுதக் கட்டுப்பாடு வேண்டும் என்று அமெரிக்க நாடுகள் அமைப்பில் கோஸ்டாரிகா 1958-இலேயே பேசியது. அப்போது அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. தாங்கள் முடிவெடுக்காத ஒரு போரில், தாங்கள் கேட்காத ஆயுதங்களால், தங்கள் நகரங்கள் அழியக்கூடும் என்பதை அந்தக் கண்டத்தின் அரசுகள் முதன்முறையாக நேரடியாக உணர்ந்தன.

அந்த ஆண்டின் இறுதியிலேயே ஐ.நா.வில் பிரேசில் ஒரு தீர்மான வரைவைக் கொண்டுவந்தது. பொலிவியா, சிலி, ஈக்வடார் ஆகியவை துணைநின்றன. போர்ட்டோ ரிக்கோவும் பனாமா கால்வாய்ப் பகுதியும் தடைக்குள் வர வேண்டும், கியூபாவிலுள்ள அமெரிக்கக் குவாண்டனாமோ தளம் போன்ற அந்நியத் தளங்கள் நீங்க வேண்டும் என்று கியூபா நிபந்தனை வைத்தது. வாக்கெடுப்பு தள்ளிப்போனது.

அப்போது பிரேசிலில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர் அல்ஃபோன்சோ கார்சியா ரோப்லெஸ். இதை ஐ.நா. மன்றத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது, லத்தீன் அமெரிக்க நாடுகள் தாங்களே கூடி ஒப்பந்தமாக எழுத வேண்டும் என்பது அவர் எண்ணம். மெக்சிகோ அதிபர் அதோல்ஃபோ லோபெஸ் மத்தேயோஸ் அதை ஏற்றுக்கொண்டார். 1963 ஏப்ரல் 29 அன்று பொலிவியா, பிரேசில், சிலி, ஈக்வடார், மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளின் அதிபர்கள் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை 1911-ஆம் தீர்மானத்தின் வழியே ஆதரவு தெரிவித்தது.

அதற்குப் பிறகு ஒரு பெரிய இடி. 1964-இன் தொடக்கத்தில் பிரேசிலில் ராணுவம் அதிபர் ஜோவாவ் கூலார்ட்டைக் கவிழ்த்தது. இந்த யோசனைக்கு ஐ.நா.வில் முதல் குரல் கொடுத்த நாடு, புதிய ஆட்சியில் இதன் மிகக் கடுமையான நிபந்தனைக்காரராக மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. நவம்பரில் கூடிய லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒப்பந்தத்தை வரைய ஓர் ஆயத்தக் குழுவை அமைத்தன. அதன் தலைவராகக் கார்சியா ரோப்லெஸ் பொறுப்பேற்றார். 1965 மார்ச்சில் தொடங்கிய பேச்சு 1967 பிப்ரவரி வரை நீண்டது.

மெக்சிகோ நகரத்தில் வெளியுறவு அமைச்சகம் இருந்த பகுதியின் பெயர் ட்லாடெலோல்கோ. 1521-இல் ஸ்பானியர்களுக்கு எதிராக அஸ்தெக்குகள் கடைசியாகப் போரிட்டு வீழ்ந்த மண். 1967 பிப்ரவரி 14 அன்று ஒப்பந்தம் அங்கே கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1968 அக்டோபர் 2 அன்று, அதே பகுதியின் சதுக்கத்தில் கூடிய மாணவர்கள்மீது மெக்சிகோ அரசின் படைகள் துப்பாக்கிச் சூடு நடத்தின. மெக்சிகோ மக்களில் பலருக்கு அந்தப் பெயர் இன்றும் முதலில் நினைவூட்டுவது அந்தப் படுகொலையைத்தான். உலகத்துக்கு அமைதியைப் பேசிய அரசு சொந்தப் பிள்ளைகள்மீது சுட்டது என்பதைச் சொல்லாமல் இந்த ஒப்பந்தத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

28-ஆவது பிரிவு

ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தில் பெரிய சண்டை இல்லை. அணு ஆயுதங்களைச் சோதிப்பது, பயன்படுத்துவது, தயாரிப்பது, வாங்குவது, பிறர் சார்பில் வைத்திருப்பது, தன் மண்ணில் நிறுத்த இடம் தருவது எல்லாமே தடை. எல்லா அணுசக்தி நடவடிக்கைகளும் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்குள் வர வேண்டும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் அடுத்த ஆண்டுதான் கையெழுத்துக்கு வந்தது. அயல்நாட்டு ஆயுதங்களைத் தன் நாட்டில் நிறுத்த அனுமதிப்பதை அந்த உலக ஒப்பந்தம் தடுக்கவில்லை, ட்லாடெலோல்கோ தடுத்தது. ஏவுகணைகளைக் கியூபாவுக்குக் கொண்டுவந்தது சோவியத் ஒன்றியம் என்பதை நினைத்தால், அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

சண்டை முழுவதும் ஒரே கேள்வியில் குவிந்தது: ஒப்பந்தம் எப்போது நடைமுறைக்கு வரும்?

ஒவ்வொரு நாடும் ஏற்புறுதி அளித்த நாளிலிருந்து அந்த நாட்டுக்கு அது பொருந்த வேண்டும் என்றது மெக்சிகோ. பிரேசில் ஒப்புக்கொள்ளவில்லை. பிராந்தியத்தின் எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும். இங்கே ஆட்சிப்பகுதிகள் வைத்திருக்கும் வெளிநாடுகளும் கட்டுப்பட வேண்டும். அணு ஆயுத வல்லரசுகள் அனைத்தும் உறுதி தர வேண்டும். ஒவ்வொரு நாடும் அணுசக்தி முகமையோடு கண்காணிப்பு உடன்பாட்டை முடித்திருக்க வேண்டும். இவை அத்தனையும் நிறைவேறிய பிறகே எங்களைக் கட்டுப்படுத்தலாம் என்றது பிரேசில். எல்லாரும் என்றால் கியூபாவும் சீனாவும் சேர்த்துத்தான். 1960-களின் உலகத்தில் இந்த நிபந்தனையின் பொருள், எப்போதும் வேண்டாம் என்பதற்கு மிக அருகில் இருந்தது.

இரண்டு நிலைப்பாடுகளில் ஒன்று தோற்றிருந்தால் ஒப்பந்தமே தோற்றிருக்கும். மெக்சிகோவின் வழி வென்றிருந்தால் கண்டத்தின் மிகப் பெரிய நாடு எழுந்து வெளியே போயிருக்கும். பிரேசிலின் வழி வென்றிருந்தால் ஒப்பந்தம் அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கும். ஆயத்தக் குழு இரண்டையும் ஒரே பிரிவில் எழுதியது. 28-ஆவது பிரிவின் முதல் பத்தியில் பிரேசில் கேட்ட நான்கு நிபந்தனைகளும் அப்படியே இருக்கின்றன. ஏற்புறுதி அளிக்கும் எந்த நாடும் அந்த நிபந்தனைகளை முழுவதுமாகவோ பகுதியாகவோ தனக்கு வேண்டாம் என்று துறக்கலாம் என்கிறது இரண்டாவது பத்தி. துறந்த நாட்டுக்கு ஒப்பந்தம் அந்த அறிவிப்போடு நடைமுறைக்கு வரும். துறக்காத நாடு நிபந்தனைகள் நிறைவேறும் வரை காத்திருக்கலாம்.

மெக்சிகோ துறந்தது. 1968 ஏப்ரல் 22 அன்று எல் சால்வடோரும் துறந்ததும் இரண்டு நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் உயிர்பெற்றது. பதினோரு நாடுகள் சேர்ந்தால் ஒரு நிரந்தர அமைப்பைத் தொடங்கலாம் என்று மூன்றாவது பத்தி சொன்னது. 1969 ஏப்ரல் 25 அன்று பார்படோஸ் பதினொன்றாவதாக வந்தது. செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் ஓபனால் என்ற கண்காணிப்பு அமைப்பு பிறந்தது. அணு ஆயுதமற்ற ஒரு மண்டலத்துக்கென்று தனி அமைப்பு உலகில் உருவானது அதுவே முதல்முறை.

இந்த ஏற்பாட்டின் மதிப்பு, அது யாரையும் வெட்கப்படுத்தவில்லை என்பதில் இருக்கிறது. பிரேசில் ஒப்பந்தத்தை எதிர்த்த நாடு என்ற பட்டத்தோடு வெளியே நிற்கவில்லை. ஏற்புறுதி அளித்த நாடாக வாசல்வரை வந்து நின்றது. உள்ளே வரும் நாள் வந்தபோது அது ஒப்பந்தத்துக்குப் புதிதாக ஏற்புறுதி அளிக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு துறப்பு அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

இதற்கு விலையும் உண்டு. சிலி 1974-இல் பிரேசிலைப் போலவே துறப்பின்றி ஏற்புறுதி அளித்தது. அர்ஜென்டினா 1967 செப்டம்பரில் கையெழுத்திட்டுவிட்டு ஏற்புறுதியே தராமல் இருந்தது. இப்படிக் கண்டத்தில் அணுத் தொழில்நுட்பம் உண்மையிலேயே வளர்ந்துகொண்டிருந்த இரண்டு நாடுகளும், அவற்றை ஒட்டியிருந்த சிலியும் கால் நூற்றாண்டு கட்டுப்பாட்டுக்கு வெளியே நின்றன. அணுகுண்டு செய்ய வாய்ப்பே இல்லாத நாடுகள் உள்ளே இருந்தன. அந்தக் காலத்தில் இந்த ஒப்பந்தத்தைக் கேலி பேசியவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பிரேசிலும் அர்ஜென்டினாவும்

இரண்டு நாடுகளும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைப் பாகுபாடானது என்று சொல்லி ஒதுக்கின. குண்டு வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் மட்டும் கைகட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டின்மீது அவர்களுக்கு இருந்த கோபம் போலியானது அல்ல. அதே கோபத்தை இந்தியாவும் சொல்லிவந்தது. ஆனால் அந்தக் கோபத்தின் நிழலில் இரண்டு நாட்டு ராணுவங்களும் தத்தம் திட்டங்களை வளர்த்தன என்பதும் உண்மை.

ட்லாடெலோல்கோவின் 18-ஆவது பிரிவு அமைதி நோக்கிலான அணு வெடிப்புகளைப் பற்றிப் பேசுகிறது. கால்வாய் வெட்டவும் துறைமுகம் தோண்டவும் அணுவெடிப்பைப் பயன்படுத்தலாம் என்று உலகம் நம்பிய காலம் அது. ஆயுதத்திலிருந்து வேறுபட்ட வெடிசாதனம் உருவானால் மட்டுமே அதற்கு இடமுண்டு, அப்படி ஒன்று இப்போது இல்லை என்று மெக்சிகோ படித்தது. எங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று பிரேசிலும் அர்ஜென்டினாவும் படித்தன. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா வெடித்ததும் இந்த வாதம் புத்தகத்திலிருந்து தரைக்கு இறங்கியது. இந்தியா அதை அமைதிக்கான வெடிப்பு என்றே அழைத்தது. அமைதிக்கென்று வெடித்தாலும் ஆயுதத்துக்கென்று வெடித்தாலும் நிலத்தடியில் நடப்பது ஒன்றுதான் என்பதை உலகம் பார்த்துக்கொண்டது. பாகிஸ்தான் உடனே தெற்காசியாவில் அணு ஆயுதமற்ற மண்டலம் வேண்டும் என்று ஐ.நா.வுக்குப் போனது. சீனாவை விட்டுவிட்டுத் தெற்காசியாவை மட்டும் ஒரு மண்டலமாகக் கருத முடியாது என்று இந்தியா மறுத்தது. அங்கே 28-ஆவது பிரிவு போன்ற ஒன்றை எழுதிப் பார்க்கும் கட்டம்வரைகூடப் பேச்சு போகவில்லை.

1975-இல் பிரேசில் மேற்கு ஜெர்மனியோடு எட்டு அணு உலைகளுக்கும் செறிவூட்டல் தொழில்நுட்பத்துக்கும் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க அழுத்தத்தால் அதில் எதிர்பார்த்தது கிடைக்காதபோது, முப்படைகளும் கண்காணிப்புக்கு வெளியே தனித் திட்டங்களைத் தொடங்கின. அர்ஜென்டினாவின் அதூச்சா உலை 1974-இலேயே மின்சாரம் தந்தது. லத்தீன் அமெரிக்காவின் முதல் அணுமின் நிலையம் அது. 1983 நவம்பரில், ராணுவ ஆட்சி விலகுவதற்குச் சில வாரங்களுக்கு முன், பட்டகோனியாவின் பில்கனியேயூவில் யுரேனியம் செறிவூட்டும் திறனைப் பெற்றுவிட்டோம் என்று அர்ஜென்டினா உலகுக்கு அறிவித்தது.

அந்த அறிவிப்பை வெளியிடுவதற்கு முன்பே பிரேசில் அதிபருக்கு அர்ஜென்டினா தகவல் அனுப்பியிருந்தது. 1987-இல் பிரேசில் தானும் செறிவூட்டிவிட்டதாக அறிவிக்கும் முன், அதிபர் ஜோசே சார்னி அர்ஜென்டினாவுக்கு முதலில் சொன்னார். எதிரியை அதிர வைக்க வேண்டிய செய்தியை எதிரிக்கே முதலில் சொல்வது எப்படி வழக்கமானது?

1970-களில் இந்த இரு நாடுகளும் மோதிக்கொண்டது அணுகுண்டுக்காக இல்லை, பரானா நதியின் தண்ணீருக்காக. பிரேசிலும் பராகுவேயும் கட்டிய இத்தைப்பு அணை கீழ்மடையில் இருக்கும் அர்ஜென்டினாவைப் பாதிக்கும் என்ற தகராறு 1979 அக்டோபரில் முத்தரப்பு உடன்பாட்டில் தீர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டே இருவரும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அப்போது இரண்டு நாடுகளிலும் ராணுவ ஆட்சிதான். ஜனநாயகம் வந்ததால்தான் எல்லாம் சரியானது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நதிநீர்த் தகராறு தீர்ந்த இந்த முதல் அடியை அந்தச் சுருக்கம் மறைத்துவிடுகிறது. காவிரியையும் சிந்துவையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமான முதல் அடி என்பது தெரியும்.

ஜனநாயகம் வந்த பிறகு வேகம் கூடியது. 1985 நவம்பரில் எல்லை நகரமான ஃபோஸ் டோ இகுவாசுவில் ராவுல் அல்ஃபோன்சினும் சார்னியும் முதல் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1987 ஜூலையில் சார்னி பில்கனியேயூவுக்குள்ளேயே சென்றார். கட்டியவர்களைத் தவிர யாரும் பார்க்காத ஆலையை அண்டை நாட்டு அதிபருக்குத் திறந்துகாட்டினார்கள். 1988 ஏப்ரலில் பிரேசில் கடற்படையின் அராமர் மையத்துக்கு அல்ஃபோன்சின் போனார். அந்த ஆண்டு நிறைவேறிய பிரேசிலின் புதிய அரசமைப்புச் சட்டம், நாட்டின் அணுசக்தி நடவடிக்கை அமைதி நோக்கத்துக்கு மட்டுமே என்று எழுதிவைத்தது.

1990 செப்டம்பரில் அதிபர் ஃபெர்னாண்டோ கோலோர், பாரா மாநிலத்தின் கஷிம்போ விமானப்படைத் தளத்துக்குப் போனார். நிலத்துக்குள் சுமார் 300 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்பட்டிருந்த குழியை மூடும் அடையாளமாக ஒரு மண்வாரி சுண்ணாம்பை அதில் கொட்டினார். சில நாட்களில் ஐ.நா. பொதுச்சபையில் பேசியபோது, அமைதி நோக்கிலான வெடிப்பையும் சேர்த்து எந்த அணு வெடிப்பையும் பிரேசில் கைவிடுவதாக அறிவித்தார். 18-ஆவது பிரிவைச் சுற்றி இருபது ஆண்டுகளாக நடந்த வாதம் அந்த உரையோடு முடிந்தது.

1991 ஜூலையில் மெக்சிகோவின் குவாதலஹாராவில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டால் அபாக் என்ற கூட்டுக் கணக்காய்வு முகமை பிறந்தது. இதன் தலைமையகம் ரியோ டி ஜெனிரோவில். பிரேசில் ஆலைகளை அர்ஜென்டினா ஆய்வாளர்கள் சோதிப்பார்கள், அர்ஜென்டினா ஆலைகளைப் பிரேசில் ஆய்வாளர்கள் சோதிப்பார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையையும் சேர்த்து நால்வர் உடன்பாடு வியன்னாவில் கையெழுத்தானது. இன்றுவரை உலகில் வேறெங்கும் இரண்டு பழைய போட்டியாளர்கள் இப்படி ஒருவர் ஆலையை ஒருவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1994

இந்தச் சமாதானம் ட்லாடெலோல்கோவின் மேசையில் உருவானதல்ல. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உருவான சமாதானத்துக்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டியிருந்தது. அவர்கள் பாகுபாடானது என்று இருபது ஆண்டுகள் திட்டிய உலக ஒப்பந்தத்தில் உடனே சேர்வது உள்நாட்டில் தலைகுனிவாகப் பார்க்கப்பட்டிருக்கும். ட்லாடெலோல்கோ அவர்களுடையது. லத்தீன் அமெரிக்கர்கள் எழுதியது, எல்லா உறுப்பினருக்கும் ஒரே விதி சொல்வது.

ஒரு தடை மிச்சமிருந்தது. பழைய வாசகப்படி சந்தேகம் எழுந்தால் ஓபனால் அமைப்பும் சிறப்பு ஆய்வுக்கு உத்தரவிடலாம். தொழில் ரகசியங்கள் அண்டை நாடுகள் வழியே கசியலாம் என்று அர்ஜென்டினாவும் பிரேசிலும் அஞ்சின. 1992 ஆகஸ்டில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. சிறப்பு ஆய்வின் அதிகாரம் சர்வதேச அணுசக்தி முகமைக்கு மட்டும் என்று ஆனது. 1994 ஜனவரி 18 அன்று அர்ஜென்டினா ஏற்புறுதியை அளித்தது. அதே நாளில் சிலி தன் துறப்பை அறிவித்தது. 1978 இறுதியில் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காகப் போரின் விளிம்புவரை போன இரண்டு நாடுகள் அவை. மே 30 அன்று பிரேசிலின் துறப்பு வந்தது.

பிறகுதான் உலக ஒப்பந்தம்: அர்ஜென்டினாவும் சிலியும் 1995-இல், பிரேசில் 1998-இல். பிராந்திய ஒப்பந்தம் உலக ஒப்பந்தத்தின் சிறிய பிரதி என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இந்த மூன்று நாடுகளையும் பொறுத்தவரை உலக ஒப்பந்தத்துக்கான பாதையே பிராந்திய ஒப்பந்தத்தின் வழியாகத்தான் போனது.

இன்னொரு திருத்தத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கயானாவும் பெலீஸும் வெகுகாலம் ஒப்பந்தத்தில் சேரவே முடியவில்லை. கயானாவின் நிலத்துக்கு வெனிசுவேலாவும் பெலீஸுக்குக் குவாத்தமாலாவும் உரிமை கொண்டாடின. அப்படித் தகராறில் இருந்த பகுதிகளைச் சேர்ப்பதை 25-ஆவது பிரிவு தடுத்தது. அணுகுண்டுக்கும் இந்த எல்லைத் தகராறுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டு சிறு நாடுகள் அதனால் வெளியே நின்றன. 1991-இல் அந்தப் பிரிவு மாற்றப்பட்ட பிறகே அவற்றுக்கு வழி திறந்தது.

கடைசி நாடு

மிச்சம் கியூபா. அமெரிக்கா பகை பாராட்டும் வரை, குவாண்டனாமோவில் அதன் படை இருக்கும் வரை, தன் கைகளைத் தானே கட்டிக்கொள்ள முடியாது என்பது ஹவானாவின் மாறாத நிலை. ஆயத்தக் குழுவின் அழைப்பையும் அது ஏற்கவில்லை. இந்த வாதத்தில் ஒரு பலவீனம் இருந்தது. இங்கே ஆட்சிப்பகுதிகள் வைத்திருக்கும் வெளிநாடுகளுக்கான முதல் கூடுதல் நெறிமுறைக்கு அமெரிக்கா 1981-இல் ஏற்புறுதி அளித்தபோது குவாண்டனாமோவும் அதற்குள் வந்துவிட்டது. அதாவது அந்தத் தளத்தில் அணு ஆயுதம் வைக்க முடியாது என்ற பாதுகாப்பை, கையெழுத்தே போடாத கியூபா ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருந்தது.

சோவியத் ஒன்றியம் மறைந்தது. சியென்ஃபுவேகோஸ் அருகே சோவியத் உதவியோடு கட்டப்பட்டுவந்த ஹுராகுவா அணு உலைகளின் வேலை 1992-இல் நின்றுபோனது. 1995 மார்ச்சில் கியூபா கையெழுத்திட்டது. 2002 அக்டோபர் 23 அன்று ஏற்புறுதி அளித்தது. ஏவுகணை நெருக்கடிக்குச் சரியாக நாற்பதாம் ஆண்டு. ஃபிடல் காஸ்ட்ரோ அப்போதும் ஆட்சியில் இருந்தார். குவாண்டனாமோவில் அமெரிக்கப் படை இருந்தது, பொருளாதாரத் தடையும் நீடித்தது. கேட்ட எதுவும் கிடைக்காமலேயே கியூபா வந்து சேர்ந்தது. பிராந்தியத்தின் 33 நாடுகளும் உள்ளே வந்துவிட்டன. மெக்சிகோவும் பிரேசிலும் மோதிக்கொண்ட அந்த முதல் பத்தியின் நிபந்தனைகள் நிறைவேறின. இரு பெருங்கடல்களிலும் நீளும் விரிவான மண்டலம் ஒப்பந்தம் வரைந்தபடியே முழுமை பெற்றது.

வல்லரசுகளின் கையெழுத்து

ஒப்பந்தத்தோடு இரண்டு கூடுதல் நெறிமுறைகள் உண்டு. இங்கே ஆட்சிப்பகுதிகள் வைத்திருக்கும் பிரிட்டன், நெதர்லாந்து, அமெரிக்கா, பிரான்ஸ் ஆகியவற்றுக்கு முதலாவது. ஐந்து அணு ஆயுத வல்லரசுகளுக்கு இரண்டாவது. மண்டல நாடுகள்மீது அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம், பயன்படுத்துவதாக மிரட்டவும் மாட்டோம் என்ற உறுதி அதில் இருக்கிறது. இரண்டாவது நெறிமுறைக்கு 1969-இல் பிரிட்டன் தொடங்கி 1979-இல் சோவியத் ஒன்றியம் வரை ஐவரும் ஏற்புறுதி அளித்தார்கள். முதலாவதில் கடைசியாக 1992-இல் பிரான்ஸ் வந்தது. இரண்டு நெறிமுறைகளும் இப்படி முழுமையாக ஏற்கப்பட்ட மண்டலம் உலகில் இது ஒன்றுதான்.

ஆனால் இங்கே எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. இந்த ஒப்பந்தத்துக்கு ஒதுக்கீடுகள், அதாவது சில விதிகள் தனக்குப் பொருந்தாது என்ற விலக்குகள், எதுவும் விதிக்கக் கூடாது என்று அதன் வாசகமே சொல்கிறது. வல்லரசுகள் ஒதுக்கீடு என்ற பெயரில் எதையும் எழுதவில்லை. விளக்க அறிவிப்புகளை எழுதின. உறுப்பு நாடு ஒன்று, அணு ஆயுத நாடொன்றின் துணையோடு தாக்குதல் நடத்தினால் தங்கள் உறுதியை மறுபரிசீலனை செய்வோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அறிவித்தன. சோவியத் ஒன்றியமும் தன் பங்குக்கு அதேபோன்ற வாசகத்தைச் சேர்த்தது. பயன்படுத்த மாட்டோம் என்ற ஒற்றை வாக்கியத்தில் இப்படி ஓட்டைகள் விழுந்தன.

இது வெறும் காகிதச் சிக்கல் அல்ல என்பதை 1982 காட்டியது. ஃபாக்லாந்து தீவுகளுக்கான போரில், மே 2 அன்று பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் கான்கரர், அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கியின் வருகையை அர்ஜென்டினா ஓபனாலிடம் முறையிட்டது. உந்துவிசைக்கான அணு உலை, ஒப்பந்தத்தின் வரையறைப்படி ஆயுதம் ஆகாது. அதோடு அர்ஜென்டினாவே அப்போது ஏற்புறுதி தராத நாடு. முறையீடு எடுபடவில்லை.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. தெற்கே போன படையின் சில கப்பல்களில் அணு ஆழ்நீர்க் குண்டுகள் இருந்தன. அவை தீவுகளின் கடல் எல்லைக்குள் நுழையவில்லை, எனவே ஒப்பந்தம் மீறப்படவில்லை என்றும் சொன்னது. அதிபர் நெஸ்தோர் கிர்ச்னர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பிரிட்டனின் விளக்கம் சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அணு ஆயுதங்கள் ஒரு மண்டலத்தின் வழியே கடந்துபோவதை ட்லாடெலோல்கோ வெளிப்படையாகத் தடுக்கவில்லை. பேச்சுவார்த்தையின்போது அதை ஒவ்வொரு நாட்டின் முடிவுக்கும் விட்டுவிட்டார்கள். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் செய்த விட்டுக்கொடுத்தல்களில் எனக்கு உடன்பாடில்லாதது இது ஒன்றுதான். போரின் நடுவே ஒரு கப்பலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை இந்தக் கண்டத்தின் மக்கள் அங்கே இழந்தார்கள்.

மற்ற மண்டலங்கள்

பிற்பாடு வந்த பிராந்திய ஒப்பந்தங்கள் எதுவும் 28-ஆவது பிரிவை நகலெடுக்கவில்லை. எண்ணிக்கையை நிர்ணயித்தன. தென் பசிபிக்கின் ரரோடோங்கா ஒப்பந்தத்துக்கு எட்டு ஏற்புறுதிகள் போதும் என்று வைத்தார்கள். 1985-இல் கையெழுத்தானது, 1986 டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்காசியாவின் பாங்காக் ஒப்பந்தத்துக்கு ஏழு. 1995 டிசம்பரில் தொடங்கி 1997 மார்ச்சில் நடைமுறை. ஆப்பிரிக்காவின் பெலிண்டாபா ஒப்பந்தத்துக்கு 28 ஏற்புறுதிகள் தேவைப்பட்டன. 1996 ஏப்ரலில் கையெழுத்தான அது, 2009 ஜூலையில் புருண்டி அளித்த ஏற்புறுதியோடுதான் உயிர்பெற்றது. இத்தனைக்கும் தானே செய்த குண்டுகளைத் தானே கலைத்த தென்னாப்பிரிக்கா அதற்குள் இருந்தது. ஐந்து மத்திய ஆசிய நாடுகளின் ஒப்பந்தம் 2006-இல் கையெழுத்தாகி 2009-இல் நடைமுறைக்கு வந்தது.

எண்ணிக்கை முறையில் உள்நாட்டு ஏற்புறுதிகள் விரைவில் முடிகின்றன. ஆனால் வல்லரசுகளை வரவைக்கும் எந்த அழுத்தமும் அங்கே எழவில்லை. பாங்காக் ஒப்பந்தத்தின் நெறிமுறையில் ஐவரில் ஒருவர்கூட இன்னும் கையெழுத்திடவில்லை. பொருளாதாரக் கடல் மண்டலமும் கண்டத்திட்டும் தடைக்குள் வருவது தங்கள் கப்பல்களைக் கட்டுப்படுத்தும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். ரரோடோங்கா, பெலிண்டாபா, மத்திய ஆசிய நெறிமுறைகளில் அமெரிக்கா கையெழுத்திட்டிருக்கிறது, ஏற்புறுதி அளிக்கவில்லை. ட்லாடெலோல்கோவில் வல்லரசுகளின் ஏற்பு, ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலேயே ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. பிரேசில் தடையாக வைத்த அந்த வரி, மெக்சிகோவுக்கு ஒவ்வொரு வல்லரசின் வாசலிலும் போய் நிற்க ஒரு காரணத்தைக் கொடுத்தது. கார்சியா ரோப்லெஸ் பல ஆண்டுகள் ஐ.நா.வில் அதைத்தான் செய்தார். ஸ்வீடனின் ஆல்வா மிர்டாலோடு சேர்ந்து 1982-இல் அவர் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றபோது, தன் சொந்தக் கண்டத்தின் பிரேசில், அர்ஜென்டினா, சிலி ஆகிய மூன்று நாடுகளும் கியூபாவும் இன்னும் வெளியேதான் இருந்தன. 1991-இல் அவர் இறந்தபோதும் அதே நிலை.

விளக்க அறிவிப்புகளைத் திரும்பப் பெறும்படி அல்லது திருத்தும்படி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய நாடுகளிடம் ஓபனால் தொடர்ந்து கேட்டுவருகிறது. திருத்த வாசகங்களைத் தானே எழுதியும் அனுப்பியிருக்கிறது. அந்த அறிவிப்புகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. 2017-இல் உலகளாவிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் ஐ.நா.வில் உருவானபோது, அதை எழுதியவர்கள் எந்த வல்லரசின் ஏற்பையும் நடைமுறைக்கு வருவதற்கான நிபந்தனையாக வைக்கவில்லை. 50 ஏற்புறுதிகள் போதும் என்றார்கள். கையெழுத்துக்குத் திறந்த நாளிலேயே ஏற்புறுதி அளித்த மூன்றில் ஒன்று கயானா. ஐம்பதாவது ஏற்புறுதி 2020 அக்டோபர் 24 அன்று ஹோண்டுராஸிடமிருந்து வந்தது.